இடர் எண் 413-இன் உரிமையாளர்

இது நடந்தது மழைக்காலத்திலா, வெயில் ஏறத் தொடங்கிய பிறகா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறிவிப்புப் பலகைகள் மொத்தம் பதினொன்றா பதிமூன்றா என்பதிலும் சந்தேகம் உண்டு. யார் யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லுக்குச் சொல் சத்தியம் செய்து தர முடியாது. ஆனால் அதிகாரிகளின் பேச்சில் கூட்டிச் சொல்ல எதுவும் மிச்சமிருக்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் தாராளமாக நம்பலாம். லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு சாண் தாழ்ந்து நின்றது. அதிலும் சந்தேகம் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட்டை ஓட்டியவளை எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றார்கள். அவளைவிட வயதில் மூத்த எலும்பு டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். பொத்தானை அமுக்கினால் ஓடும் லிஃப்ட் இல்லை அது. பழைய காலத்துப் பித்தளைக் கைப்பிடி, இழுத்து மூடும் கம்பிக் கதவு, ஓட்டுகிறவருக்கு ஒரு மர முக்காலி. கைப்பிடியை எந்த இடத்தில் விடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. கதவுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், லிஃப்ட் ஏறி இறங்கும் குழியின் சுவரில் மாடி எண்கள் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் மாடிக்குப் போகும்போது அந்த 3-இன் கீழ் வயிறு கண்ணில் பட்டதும் கைப்பிடியை விட்டால் லிஃப்ட் தளத்தோடு தளமாக நிற்கும். பத்தொன்பது வருடம் அப்படித்தான் நின்றது.

பிறகு பிரேக் கட்டை தேய்ந்தது. ஆள் குறைவாக இருந்தால் ஒழுங்காக நிற்கும். ஸ்ட்ரெச்சரும் நோயாளியும் தள்ளுகிற ஆட்களுமாக ஏறிவிட்டால், நின்ற பிறகு மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு சாண் இறங்கும். ஆபரேஷன் தியேட்டர் மூன்றாம் மாடியில் இருந்ததால் ஸ்ட்ரெச்சரை அந்த ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

"சாண் ஏறினா முழம் சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். இது மூணு மாடி ஏறி ஒரு சாண் சறுக்குது. லாபம்தான்" என்பான் பயில்வான். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அவனுக்கு அந்தப் பெயர் வரக் காரணம், காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவன் உடம்பு.

ஒருநாள் குடலிறக்க ஆபரேஷனுக்காக மேலே போன ஒரு தபால்காரர், முன்சக்கரம் விளிம்பில் மோதிய மோதலில், இரண்டு பல் இல்லாமல் தியேட்டருக்குள் போனார். லிஃப்ட்டக்கா கீழே கிடந்த பற்களைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, இடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போனாள்.

அந்தப் பிரிவு தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இடம் இல்லாததால், தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரை ஸ்ட்ரெச்சர் தள்ளிப் போவதற்காகக் கட்டிய சாய்வுப் பாதையின் வாயை ஒட்டுப்பலகையால் அடைத்து அலுவலகமாக்கியிருந்தார்கள். அறையின் சுவரெல்லாம் நேராக இருக்க, தரை மட்டும் சாய்ந்திருந்தது. மேசைகளின் கீழ்ப்பக்கக் கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பேனாவை மேசையில் வைத்தவர்கள் அதன்மேல் ஒரு விரலையும் வைத்திருந்தார்கள். இடர் மேலாண்மை அலுவலரின் சக்கர நாற்காலி ஒரு கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது.

அலுவலருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ஆபத்பாந்தவர். அவருக்கு அது தெரியும். பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா. எதையாவது பிடிச்சுக்கிட்டு உக்காரு."

"லிஃப்ட் மூணாவது மாடியில ஒரு சாண் இறங்கி நிக்குதுங்க. பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு. மெக்கானிக் வந்தா அரை நாள் வேலை."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா. தினமும்."

ஆபத்பாந்தவர் பேனாவை மூடினார். "தினமும் நடக்குதுன்னா அது இடர் இல்லம்மா. இடர்னா என்ன? நடக்கலாம், நடக்காமலும் போகலாம். தினமும் நடக்கிறதுக்குப் பேரு நடைமுறை."

அவள் துணி முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பற்கள் உருண்டன. குமாஸ்தா பாய்ந்து பிடித்தார்.

"பல்லு எங்க பட்டியல்ல வராதும்மா. பல்லு சம்பவம். சம்பவத்துக்கு வேற பிரிவு இருக்கு."

லிஃப்ட்டக்காவுக்குப் பேச்சு குறைவு. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை 'எந்த மாடி?' என்று கேட்பவளுக்கு வேறு பேச்சு மிஞ்சாது என்று அவள் கணவர் சொல்வார். இப்போது கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள்: "ஆள் கம்மியா இருந்தா சரியாத்தான் நிக்குதுங்க. சில சமயம்."

"சில சமயமா!" ஆபத்பாந்தவர் முகம் மலர்ந்தது. பேனா திறந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. இது அருமையான இடராச்சே! எழுதுங்க, 413."

"அப்ப மெக்கானிக் வருவாருங்களா?"

"அவசரப்படாதே. மெக்கானிக் வந்தா என்ன ஆகும்? சரியாயிடும். சரியாயிட்டா 413-ஐப் பதிவேட்டுல இருந்து எடுக்கணும். எடுத்தா வரிசை உடையும். நாங்க இருக்கிறது ஆபத்தை நிர்வகிக்கம்மா, நீக்க இல்ல. நீக்கிட்டா அப்புறம் எதை நிர்வகிக்கிறது?" அவர் சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். "நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஆஸ்பத்திரில மொத்தமே மூணு ஆபத்துதான் இருந்துச்சு. தீ, கரண்டு, கண்காணிப்பாளர் ஐயாவோட நாய். இன்னிக்கு 413. ஒன்றரை வருஷத்துல. எந்த ஆஸ்பத்திரி இப்படி வளர்ந்திருக்கு?"

குமாஸ்தா இருமினார். "சார், உரிமையாளர் பேரு?"

ஒவ்வொரு இடருக்கும் ஓர் உரிமையாளர் வேண்டும் என்பது விதி. அந்த இடருக்கு யாருடைய கை மிக அருகில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ஆஸ்பத்திரியில் இருந்த 413 இடர்களில் கண்காணிப்பாளரின் கைக்கு அருகில் ஒன்றுகூட இல்லை. பாத்திரம் கழுவும் அம்மாளுக்கு மட்டும் பதினாறு இருந்தன.

அன்று சாயங்காலம் லிஃப்ட்டக்கா சேலையில் ஒரு பேட்ஜோடு வீட்டுக்கு வந்தாள். 'இடர் உரிமையாளர்' என்று போட்டிருந்தது. அவள் கணவர் முடிதிருத்துபவர். பேட்ஜை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

"விடிஞ்சா எழுந்து ஊரான் கழுத்துல கத்தி வச்சுப் பொழைக்கிறவன் நான். எனக்கு இதுவரைக்கும் ஒருத்தனும் பேட்ஜ் தரல. நிலம் வாங்கணும், வீடு வாங்கணும்னு இருபது வருஷமா சொன்னே. கடைசியில ஒரு ஆபத்தை வாங்கிட்டு வந்து நிக்கிறே."

அவருடைய தங்கை, லிஃப்ட்டக்காவின் நாத்தனார், பஸ் கண்டக்டர். பணி முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மெதுவாகப் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும். "அண்ணி, பத்திரம் பதிஞ்சாச்சா? பட்டா உங்க பேருல மட்டுமா, அண்ணன் பேரும் சேர்த்தா? பாத்து அண்ணி, நாளைக்கு நானும் பங்கு கேட்டு வருவேன்."

"வாடி, உனக்கு அந்த ஒரு சாணை எழுதி வைக்கிறேன்" என்றாள் லிஃப்ட்டக்கா. அந்தப் பேச்சுக்கு அப்போது மூவரும் சிரித்தார்கள்.

உரிமையாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. தலைப்பு: 'வாழ்வும் திரையும் கற்றுத்தரும் இடர் மேலாண்மை.' ஆபத்பாந்தவர் மேடையேறி, முதலில் ஒலிபெருக்கிக் கம்பி காலில் மாட்டாமல் இருக்க மூன்று பேரைக் கம்பிக்குக் காவல் வைத்துவிட்டு, பேசத் தொடங்கினார்.

"எல்லாரும் சினிமா பாக்குறீங்க. என்ன கத்துக்கிட்டீங்க? கதாநாயகன் குடோனுக்குத் தனியாப் போறான். உள்ள இருபது ரவுடி. அவன் முன்கூட்டி ஒரு இடர் மதிப்பீடு பண்ணினானா? படிவம் நிரப்பினானா?"

பயில்வான் கை தூக்கினான். "படிவம் நிரப்பிக்கிட்டு இருந்தா சண்டை எப்ப சார் வரும்?"

"வராது. அதுதான் வெற்றி. இப்ப வில்லனைப் பாருங்க. குண்டு வைக்கிறான். அதுமேல சிவப்பு எழுத்துல கடிகாரம் வைக்கிறான். எத்தனை நிமிஷம் மிச்சம்னு யாரு வேணாலும் பாத்துக்கலாம். இதுக்குப் பேரு வெளிப்படைத்தன்மை. நம்ம ஆஸ்பத்திரில எத்தனை பேர் அந்த அளவுக்கு இருக்கோம்?"

சிலர் தலைகுனிந்தார்கள்.

"கூட்டத்துல பிரிஞ்சுபோற அண்ணன் தம்பி இருபது வருஷம் கழிச்சு எப்படிச் சேர்றாங்க? குடும்பப் பாட்டு! அம்மா ஒரு பாட்டை முன்கூட்டியே ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்து வச்சிருந்தாங்க. அதுதான் மாற்று ஏற்பாடு. உங்க வார்டுக்கு ஒரு பாட்டு இருக்கா?"

அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொரு வார்டும் ஒரு பாட்டைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எலும்பு வார்டின் பாட்டு திருப்பி அனுப்பப்பட்டது. அதில் ஆட்டம் அதிகம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

பிறகு அவர் அன்றாட வாழ்வுக்கு வந்தார். "அடுப்புல பால் வைக்கிறீங்க. பாத்துக்கிட்டே இருந்தா பொங்காது. கண்ணை எடுத்தீங்க, பொங்கிடும். இதுல இருந்து என்ன தெரியுது? ஆபத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். எங்க பிரிவு அதைத்தான் செய்யுது. பாத்துக்கிட்டே இருக்கோம்."

பாத்திரம் கழுவும் அம்மாள் எழுந்தாள். "அடுப்பைத் தணிச்சாப் போதுமே சார்?"

"அது குறுகிய காலத் தீர்வும்மா. உக்காருங்க."

வகுப்பின் முடிவில் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். அதன் பதினேழாம் பக்கத்தில், இடரைக் கையாள நான்கு வழிகள் உண்டு என்று இருந்தது: ஏற்றல், குறைத்தல், பிறர்மேல் மாற்றல், தவிர்த்தல். அதன்கீழ் ஒரு வரி: 'எவ்வழியைத் தேர்வது என்பது உரிமையாளரின் முடிவு, அம்முடிவை வேறெவரும் மாற்ற இயலாது.' எந்தப் பழியும் படியேறி மேல்மாடிக்கு வந்துவிடக் கூடாது என்று ஆபத்பாந்தவரே இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய வரி அது.

413-ஐக் குறைக்கும் பணிகள் தொடங்கின. லிஃப்ட் வாசலில் 'கவனம்: ஒரு சாண்' என்று ஒரு பலகை வைத்தார்கள். அதை நின்று படித்தவர்களால் வாசல் அடைபட்டது. அது 414 ஆயிற்று. 'பலகையை நின்று படிக்காதீர்' என்று இரண்டாவது பலகை வந்தது. அதில் ஒருவர் இடித்துக்கொண்டார். இப்படியே பலகைகள் வாசலிலிருந்து தாழ்வாரம் வரை நீண்டன. கடைசிப் பலகையில் 'முன்னால் பலகைகள் உள்ளன' என்று மட்டும் இருந்தது.

அடுத்து ஒரு சுற்றறிக்கை. 'அனுபவமும் நிபுணத்துவமும் மிக்க அலுவலர்களை இழக்கும் இடரைக் கருதி, அலுவலர்கள் எவரும் இனி லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. நோயாளிகள் பயன்படுத்தலாம்.' நோயாளிகளுக்காக ஒரு சம்மதப் படிவம் அச்சானது. 'ஒரு சாண் பற்றி எனக்கு விளக்கப்பட்டது. நான் அதைப் புரிந்துகொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அடிக்குறிப்பு ஒன்றும் உண்டு: 'மயக்கத்தில் இருப்போர் மறுப்புத் தெரிவிக்காததால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.'

லிஃப்ட்டக்கா ஒவ்வொரு படிவத்தையும் வாங்கி முக்காலிக்குக் கீழே அடுக்கினாள். அடுக்கு உயர்ந்து முக்காலியை முட்டி, மாலைக்குள் அது ஆடத் தொடங்கும்.

அப்போதுதான் நாத்தனார் விழுந்தாள். பள்ளிப்பிள்ளைகள் இறங்கும்வரை படியில் நின்று காத்தவள், பஸ் குலுங்கியதில் சாலையில் போய் விழுந்தாள். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன். தரைத்தள வார்டில் காலில் எடை கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இந்த முனை பாத்தியா, கத்தி மாதிரி இருக்கு. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய். ஒரு குலுக்கு குலுங்கினா குத்திடும். குத்திட்டா என் கையில ஒண்ணும் இல்ல. அசையாம மூணாவது மாடிக்குக் கொண்டு வந்து சேருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"அந்த லிஃப்ட்லயா டாக்டர்?"

டாக்டர் எக்ஸ்ரேயை இறக்கினார். "எட்டு தடவை எழுதிக் கொடுத்துட்டேன் லிஃப்ட்டக்கா. இப்ப என்னையே பதிவேட்டுல ஏத்திட்டாங்க. 'இடர் 427: அடிக்கடி கடிதம் எழுதும் மருத்துவர்.' உரிமையாளர், என் மனைவி."

லிஃப்ட்டக்கா ஆபத்பாந்தவரிடம் போனாள். கயிற்றில் கட்டிய நாற்காலியில் அவர் மகிழ்ச்சியாக ஆடிக்கொண்டிருந்தார். தலைமையகத்திலிருந்து மூவர் குழு வியாழக்கிழமை வருகிறது. சிறந்த இடர் மேலாண்மைக்கான கேடயம் ஏறக்குறைய உறுதி.

"என் நாத்தனாருங்க. ஒரு சாண் தூக்கி வச்சா செத்துப்போயிடுவா. அந்த ஒரு நாளைக்காவது மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"நிகழ்தகவு எவ்வளவுன்னு நினைக்கிறே? நாலுல ஒண்ணு? போன வாரம் வரைக்கும் லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர்ல மட்டும் முன்னூத்துப் பன்னெண்டு பேர் போயிருக்காங்க. செத்தது ஒருத்தர்கூட இல்ல. கட்டத்துல போட்டுப் பாத்தா உன் நாத்தனார் மஞ்சள்மா. மஞ்சள் நல்ல நிறம். கவலைப்படாதே."

"மஞ்சள்னா?"

"மஞ்சள்னா, நடந்தா வருத்தம் தெரிவிப்போம்."

அவள் எழுந்து வந்தாள். அன்று பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. தரைத்தளத்தில் நின்ற லிஃப்ட்டுக்குள், கதவை மூடிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்வையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். மேலே கம்பிவடம் சூடு ஆறும்போது டிக், டிக் என்று ஒலிக்கும், அதுவும் அடங்கியது. பத்தொன்பது வருடத்தில் இந்தப் பெட்டிக்குள் எத்தனை பேரை ஏற்றியிருப்பாள் என்று நினைத்தாள். மேலே போகும்போது யாரும் அவளோடு பேசியதில்லை. எல்லோரும் கதவுக் கம்பியையோ கூரையையோ பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒரு சாண் இறங்கும்போது மட்டும் அவள் கையைப் பிடிப்பார்கள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருந்தது பொறுமையா, பழக்கமா என்று இப்போது யோசித்தால், பழக்கம் என்றுதான் தோன்றியது. எட்டு மாதமாக அந்தக் கைப்பிடியைப் பிடித்திருந்தது அவள் கைதான். யார் கைப்பிடியை விடச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், விடுவதும் அவள் கைதான். பிறகு கையேட்டை எடுத்து, பதினேழாம் பக்கத்தை ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவள் இடர்ப் பிரிவுக் குமாஸ்தாவிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். அவர் வந்த தாளையெல்லாம் படிக்காமல் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தும் பழக்கம் உள்ளவர். ஆறு வேலை நாள் கழித்துத்தான் படிப்பார். குத்தினார். நகலை அவள் மடித்து வைத்துக்கொண்டாள். நேரே போய் லிஃப்ட்டின் மின்விசையை அணைத்து, கம்பிக் கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, முக்காலியைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தாள்.

பத்தே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. பயில்வான் பூட்டைப் பார்த்தான். "என்ன லிஃப்ட்டக்கா, கடை அடைப்பா?"

"அண்ணி," என்றாள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த நாத்தனார், "சொத்தை அனுபவிக்க விடமாட்டீங்க போலிருக்கே." வலியில் உதடு வெளுத்திருந்தது. குரல் மட்டும் குறையவில்லை.

செய்தி பரவியது. கண்காணிப்பாளர் மாடிப்படி வழியாக இறங்கி ஓடி வந்தார். அவர் பின்னால் ஆபத்பாந்தவர். அவர்கள் பின்னால், வாசலில் அப்போதுதான் இறங்கிய மூவர் குழு, பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து சேர்ந்தது.

"பைத்தியமா உனக்கு? திற!" என்றார் கண்காணிப்பாளர்.

லிஃப்ட்டக்கா மடித்த நகலைப் பிரித்து நீட்டினாள். குழுவின் தலைவி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதை உரக்கப் படித்தார். "இடர் எண் 413. கையாளும் வழி: தவிர்த்தல். லிஃப்ட் இன்று முதல் ஓடாது. ஒப்பம், உரிமையாளர்." நிமிர்ந்தார். "உரிமையாளர் யாரு?"

லிஃப்ட்டக்கா பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள். "பக்கம் பதினேழும்மா."

தலைவி கையேட்டை வாங்கி அதையும் படித்தார். "வேறெவரும் மாற்ற இயலாதுன்னு போட்டிருக்கே?"

"அது... அப்படிப் பயன்படுத்துறதுக்காக எழுதல மேடம்" என்றார் ஆபத்பாந்தவர்.

"பின்ன எதுக்கு எழுதினீங்க?"

"இருக்கணும்னு எழுதினோம்."

கண்காணிப்பாளர் லிஃப்ட்டக்காவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "இந்த நிமிஷமே உன்னை வேலையை விட்டு நிறுத்துறேன். சாவியைக் கொடு."

அவள் எழுந்தாள். பேட்ஜைக் கழற்றினாள். "தாராளமா நிறுத்துங்க ஐயா. நான் போயிட்டா 413-க்கு உரிமையாளர் இல்ல. அடுத்து எந்தக் கை கிட்ட இருக்கோ அவங்கதான் உரிமையாளர்." சாவியையும் பேட்ஜையும் உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க. இவளை நீங்களே மேல கூட்டிட்டுப் போங்க."

அவர் கை சட்டென்று பின்னால் போயிற்று. ஆபத்பாந்தவரைப் பார்த்தார். ஆபத்பாந்தவர் இரண்டு கைகளையும் ஏற்கனவே பின்னால் கட்டியிருந்தார். குழு உறுப்பினர்கள் இருவரும் பலகைகளைப் படிக்கத் தொடங்கினார்கள்.

லிஃப்ட்டக்கா கையை நீட்டியபடியே நின்றாள். நீட்டிய கை மடங்கவில்லை.

"நோயாளி எப்படித்தான் மேல போறது?" என்று கண்காணிப்பாளர் கடைசியில் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"சாய்வுப் பாதை இருக்குங்க."

"எங்க இருக்கு?"

"உங்க இடர்ப் பிரிவுக்குள்ள."

முதலில் நகர்ந்தது பயில்வான். யாரையும் கேட்காமல் ஸ்ட்ரெச்சரைத் திருப்பினான். எல்லோரும் பின்னால் போனார்கள். ஒட்டுப்பலகைக் கதவு அகலமாகத் திறந்தது. உள்ளே நடுவில் மூன்று மேசைகள், கடைசியில் பாதையை மறித்துக்கொண்டு பதிவேட்டு அலமாரி.

"இது முறைப்படி ஒரு மாற்றம்" என்று ஆபத்பாந்தவர் குறுக்கே நின்றார். "மாற்றத்துக்கு மதிப்பீடு வேணும். குறைஞ்சது மூணு வாரம். மேடம், ஒரு அலுவலகத்தை நகர்த்துறதுல நூத்து நாப்பது இடர் இருக்கு, என்கிட்ட பட்டியல் இருக்கு..."

ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் கிளம்பியது. இருபத்திரண்டு வருடம் நெரிசல் பஸ்ஸில் பழகிய குரல்.

"வழியில நிக்காதீங்க சார்! உள்ள தள்ளிப் போங்க, இல்ல இறங்கி நடங்க! பெருசா பேட்ஜ் குத்தினவங்கல்லாம் படியை மறிச்சா ஜனம் எப்படி ஏறும்? பின்னாடி இருக்கிற அம்மா, அந்த மேசையைப் பிடிங்க! டாக்டர் சார், சும்மா நிக்காதீங்க, அலமாரியை ஒரு கை குடுங்க!"

எலும்பு டாக்டர் எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. பாத்திரம் கழுவும் அம்மாள் ஈரக்கையோடு வந்து மேசைக்காலின் செங்கல்லை உருவினாள். மேசைகளுக்காக அதற்குமேல் யாரும் உழைக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருடமாகக் காத்திருந்ததுபோல் மேசை தானே சரிவில் இறங்கி வாசல் வழியாகத் தாழ்வாரத்துக்குப் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின. யாரோ கயிற்றை அவிழ்க்க, சக்கர நாற்காலி எல்லோரையும் சுற்றிக்கொண்டு போய் 'முன்னால் பலகைகள் உள்ளன' என்ற பலகையில் மோதி நின்றது. அலமாரியைத் தள்ள நான்கு பேர் வேண்டியிருந்தது. அதற்குள் 427 இடர்கள் இருந்தன.

குழுவின் தலைவி சாய்ந்த தரையில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு கேட்டார்: "இந்த அறை சாய்வா இருக்கிறது உங்க பதிவேட்டுல எத்தனாவது எண்?"

ஆபத்பாந்தவர் யோசித்தார். "அது இல்ல மேடம். அது தினமும் இருக்கிறதாச்சே."

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் பயில்வான், பின்பக்கம் லிஃப்ட்டக்கா. டாக்டர் ஒரு கையால் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே நடந்தார். பாதை மூன்று முறை வளைந்து ஏறியது. தூசி படிந்த தரையில் சக்கரங்கள் ஒரே சீராகச் சென்றன. முதல் வளைவில் நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாம வாடி" என்றாள் லிஃப்ட்டக்கா.

மூன்றாம் மாடியில் தியேட்டர் வாசலில் தளமும் பாதையும் ஒன்றாக இருந்தன. ஸ்ட்ரெச்சர் குலுங்காமல் உள்ளே போயிற்று. மணி பதினொன்று இருபது.

பிறகு நடந்தவை இவை. லிஃப்ட்டக்காவுக்கு மெமோ வந்தது. அவள் 'பக்கம் பதினேழு' என்று இரண்டே சொல்லில் பதில் எழுதினாள். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், எழுதவில்லை. பதினான்கு நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். லிஃப்ட்டை ஓட்ட வேறு யாரும் முன்வராததால் பதினைந்தாம் நாள் கூப்பிட்டார்கள். பிரேக் கட்டையை மாற்றினால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மெக்கானிக் வந்து இரண்டு மணி நேரத்தில் மாற்றினார். சாய்வுப் பாதை திறந்தே இருக்கிறது. ஆபத்பாந்தவருக்குக் கேடயம் கிடைக்கவில்லை. தலைமையகத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அங்கே எல்லா ஆஸ்பத்திரிகளுக்குமான கையேட்டைத் திருத்தி எழுதுகிறார். புதிய பதிப்பில் பதினேழாம் பக்கம் இல்லை. கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். குமாஸ்தா மருந்துக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். பயில்வான் இன்னும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறான். தபால்காரர் பொய்ப்பல் கட்டிக்கொண்டார். நாத்தனார் எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். இடது கால் அரை விரல் குட்டை. இப்போது வேலைக்குப் போகிறாள்.